200 மனித ஜீனோம்களைக் கிளஸ்டரில் ஓட்டுவது எப்படி: ரீட் முதல் வேரியண்ட் பட்டியல் வரை

ஒரு சாம்பிளைத் தன் கணினியில் ஓட்டிப் பழகியவர்கள் 200 சாம்பிள்களைக் கிளஸ்டரில் (பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய அமைப்பில்) ஏற்றும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். உயிரியலும் நிரலும் நன்றாகத் தெரிந்தவர்களே மாட்டுகிறார்கள். டேட்டாவை எங்கே துண்டு போடலாம், எங்கே போடக் கூடாது என்று யோசிக்காமல் வேலையைப் பிரித்துவிடுகிறார்கள். பிரித்தது முழுசாகத் திரும்பி வந்ததா என்று எண்ணிப் பார்ப்பதும் இல்லை. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் சுற்றியே போகும்.

எடுத்துக்கொள்ளும் வேலை இது: 30 மடங்கு ஆழத்தில் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை படித்து) சீக்வென்ஸ் செய்த 200 மனித முழு ஜீனோம்கள். கையில் இருப்பவை ஃபாஸ்ட்கியூ ஃபைல்கள். வேண்டியது 200 பேருக்கும் சேர்த்து ஒரே விசிஎஃப். ரீட்களை (சீக்வென்ஸர் படித்த குறுகிய டிஎன்ஏ துண்டுகளை) ரெஃபரன்ஸ் ஜீனோமில் அதனதன் இடத்தில் பொருத்த பிடபிள்யூஏ-மெம், ஃபைல்களைக் கையாள சாம்டூல்ஸ், வேரியண்ட்களை (ரெஃபரன்ஸிலிருந்து மாறும் இடங்களை) கண்டுபிடிக்க ஜிஏடிகே, ஜாப்களை ஓட்ட ஸ்லர்ம். உங்கள் இடத்தில் ஜாப்களைப் பங்கிடும் வேறு ஷெட்யூலர் இருந்தாலும் படிகளின் வரிசை மாறாது. லினக்ஸ் கட்டளைகளும், ஃபாஸ்ட்கியூ, பேம், விசிஎஃப் என்றால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கிளஸ்டரைத் தொடும் முன் சேகரிக்க வேண்டியவை

முதலில் அனுமதி. மனித ஜீனோம் டேட்டாவை எந்த சர்வரில் வைக்கலாம், நாட்டு எல்லையைத் தாண்டலாமா, யார் யார் பார்க்கலாம் என்பதெல்லாம் சம்மதப் படிவத்திலும் டேட்டா ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் எங்கேயாவது ஏற்றிவிட்டால் பிறகு திரும்ப எடுக்க முடியாது. ஆகவே இது முதல் படி.

அடுத்து செக்சம், ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண். சீக்வென்ஸிங் மையம் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5 எண் கொடுத்திருக்கும். இறக்கியதும் எல்லா ஃபைல்களையும் சரிபாருங்கள். பாதியில் அறுந்த ஃபைல், பொருத்தும் வேலை பல மணி நேரம் ஓடிய பிறகுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சில நேரம் காட்டிக்கொடுக்கவே கொடுக்காது.

ரெஃபரன்ஸ் ஜீனோம் ஒன்றே ஒன்று, ஒரே இடத்தில், எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். குரோமோசோம் பெயர் ஒரு ஃபைலில் வெறும் 1 என்றும் இன்னொன்றில் சிஎச்ஆர் என்ற முன்னொட்டோடும் இருந்தால் இரண்டையும் கலக்க முடியாது. தெரிந்த வேரியண்ட்களின் பட்டியல், இடைவெளிப் பட்டியல் (ஜீனோமை எந்தெந்தப் பகுதிகளாக ஓட்டுவது என்ற பட்டியல்) எல்லாம் அதே பதிப்பைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். ரெஃபரன்ஸில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸை இப்போதே ஒரு முறை உருவாக்கிவிடுங்கள். ஒவ்வொரு ஜாப்பும் தானே இண்டெக்ஸ் உருவாக்கும்படி எழுதினால், ஒரே ஃபைலின் மேல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு எழுதும்.

கடைசியாக சாம்பிள் அட்டவணை. சாம்பிள் பெயர், லைப்ரரி (சீக்வென்ஸிங்குக்காகத் தயாரித்த டிஎன்ஏ), லேன் (சீக்வென்ஸரின் எந்தத் தடத்தில் ஓடியது), முதல் ரீட் ஃபைல், இரண்டாம் ரீட் ஃபைல் என்று ஐந்து பத்திகள் போதும். ஃபைல் பெயரை வெட்டி ஒட்டி சாம்பிள் பெயரைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். மறுபடி சீக்வென்ஸ் செய்த சாம்பிள் ஒன்று புதுப் பெயர் வடிவத்தில் வந்து சேரும் நாளில் அது உடைந்துவிடும். லைப்ரரி பத்தி எதற்கு என்று 4ஆம் படியில் தெரியும்.

2. டிஸ்க் கணக்கைப் பேப்பரில் போடுங்கள்

மனித ஜீனோம் சுமார் 310 கோடி எழுத்துகள். 30 மடங்கு என்றால் 9,300 கோடி. ஒரு ரீட் 150 எழுத்து என்றால் 62 கோடி ரீட்கள், அதாவது 31 கோடி ஜோடிகள் (ஒரே டிஎன்ஏ துண்டின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு ரீட்). இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுருக்கிய ஃபாஸ்ட்கியூ ஒரு சாம்பிளுக்கு 40 முதல் 100 ஜிபி வரை வரும். 70 என்று வைத்துக்கொண்டால் 200 சாம்பிளுக்கு 14 டிபி. அதோடு முடிவதில்லை. பொருத்திய ரீட்களை ஜீனோம் வரிசையில் அடுக்கும்போது உருவாகும் தற்காலிகத் துண்டுகள், அடுக்கிய பேம், டூப்ளிகேட் (ஒரே மூலக்கூறின் நகல்) ரீட்களைக் குறித்த பேம் என்று ஒவ்வொன்றும் ஏறக்குறைய அதே அளவு இடம் கேட்கும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருந்தால் 56 டிபி ஆகிவிடும்.

அவ்வளவு இடம் இருக்காது என்பதுதான் வழக்கம். அப்படியானால் எந்தப் படி முடிந்ததும் எந்த ஃபைலை அழிக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை சாம்பிள் ஓடலாம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். டிஸ்க் நிரம்பினால் உங்கள் ஜாப் மட்டும் சாவதில்லை. அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் எல்லோருடைய ஜாப்பும் போய்விடும்.

3. ஒரே ஒரு சாம்பிளைக் கையால் ஓட்டுங்கள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து குதிக்காதீர்கள்.

முதலில் ஒரு சாம்பிளின் முதல் 40 லட்சம் வரிகளை, அதாவது 10 லட்சம் ரீட்களை, இரண்டு ஃபைல்களிலிருந்தும் எடுத்துத் தனியாக வைத்து எல்லாப் படிகளையும் ஓட்டுங்கள். கட்டளைகள் சரியா, பாதைகள் சரியா, ஒரு படியின் வெளியீடு அடுத்த படியில் நுழைகிறதா என்று இது காட்டும். வேரியண்ட்களைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வேலை ஓடுகிறதா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

அப்புறம் ஒரு முழு சாம்பிளை, தொடக்கம் முதல் கடைசி வரை, ஒரே நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினியில்) ஓட்டுங்கள். 10 லட்சம் ரீட் எடுத்த நேரத்தை 310ஆல் பெருக்கி முழு சாம்பிளின் நேரத்தைக் கணிக்க முடியாது. சிறு சோதனையில் பாதி நேரம் இண்டெக்ஸை மெமரிக்கு ஏற்றுவதிலேயே போயிருக்கும். அந்தச் செலவு முழு சாம்பிளிலும் ஒரே முறைதான்.

முழு ஓட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: எடுத்த நேரம், உச்ச மெமரி, கோர்கள் உண்மையில் எத்தனை சதவீதம் வேலை செய்தன. ஸ்லர்மின் கணக்குப் பதிவில் மூன்றும் கிடைக்கும். இனி எடுக்கும் எல்லா முடிவும் இந்தச் சிறு அட்டவணையை வைத்துத்தான்.

சோதனைக்கு எந்த சாம்பிள்? முடிந்தால் எச்ஜி002 போன்ற, சரியான வேரியண்ட்கள் ஏற்கெனவே வெளியிடப்பட்ட சாம்பிளை எடுங்கள். உங்கள் வழிமுறை கண்டுபிடித்ததையும் அந்தப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னால் கிளஸ்டரில் துண்டு போட்டு ஓட்டும்போதும் இதே சாம்பிளை மறுபடி ஓட்டி, முடிவு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

சாம்பிள் வாரியாக: இதுதான் மிகச் சுலபமான வெட்டு. ஒரு சாம்பிளின் ரீட்களைப் பொருத்த இன்னொரு சாம்பிள் தேவையில்லை. உங்களிடம் 40 நோடுகள், 200 சாம்பிள்கள் என்றால், நோடுக்கு ஒரு சாம்பிள் என்று ஐந்து சுற்றில் முடித்துவிடலாம். இன்னும் பொடியாக நறுக்கினால் ஒரு சாம்பிள் சீக்கிரம் முடியும், ஆனால் 200ம் முடியும் நேரம் பெரிதாகக் குறையாது. நறுக்கவும் சேர்க்கவும் ஆகும் நேரம் கூடுதல் சுமை. ஒரு நோயாளியின் முடிவு அவசரமாக வேண்டும் என்றால் மட்டும் ஒரு சாம்பிளுக்குள் வெட்டுவது முதல் யோசனையாக இருக்கட்டும்.

லேன் வாரியாக: ஒரு சாம்பிள் நான்கு லேன்களில் வந்திருந்தால் அவை ஏற்கெனவே நான்கு துண்டுகள். தனித்தனியாகப் பொருத்தலாம்.

ஃபாஸ்ட்கியூவை நடுவில் வெட்டுவது: இங்கே இரண்டு குழிகள். ஒன்று, சாதாரண ஜிஸிப் ஃபைலை நடுவிலிருந்து படிக்க முடியாது. தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். பிஜிஸிப் முறையில் சுருக்கிய ஃபைல் 64 கேபி அளவுச் சிறு கட்டங்களாக இருப்பதால் நடுவில் நுழையலாம். பேமும், இண்டெக்ஸ் போட்ட விசிஎஃப்பும் அந்த முறையில்தான் இருக்கின்றன.

இரண்டாவது குழி அதைவிட ஆபத்தானது. ஒரு ரீட் நான்கு வரி. முதல் வரி @ குறியோடு தொடங்கும். சரி, @ தேடி அங்கே வெட்டலாமே என்று தோன்றும். ஆனால் நான்காவது வரியில் இருக்கும் தர மதிப்புகளில் 31 என்ற மதிப்புக்கும் அதே @ குறிதான். தர வரி @ குறியோடு தொடங்கும் ரீட்கள் தாராளமாக இருக்கும். ஆகவே வரிகளை எண்ணி, நான்கின் மடங்கில் வெட்டுங்கள். இரண்டு ஃபைல்களையும் ஒரே எண்ணிக்கையில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஜோடி மாறிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. பிடபிள்யூஏ-மெம் ரீட்களைத் தொகுதி தொகுதியாக எடுத்து, ஜோடிகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தொகுதிக்குள் கணிக்கிறது. தொகுதியின் அளவு இயல்பாக த்ரெட் எண்ணிக்கையைப் பொறுத்தது. 8 த்ரெடில் ஓட்டியதும் 16 த்ரெடில் ஓட்டியதும் கொஞ்சம் மாறி வந்து பலரைக் குழப்புவது இதனால்தான். தொகுதி அளவை நிலையாக வைக்கும் விருப்பம் இருக்கிறது. 10 கோடி எழுத்து என்று போடுவது வழக்கம். எல்லா ஜாப்பிலும் ஒரே எண்ணைப் போடுங்கள்.

டூப்ளிகேட் குறிப்பது: இங்கே வெட்டக் கூடாது. ஒரே மூலக்கூறு இரண்டு லேன்களில் வந்திருக்கலாம். ஒரு ஜோடியின் இரு ரீட்களும் வேறு வேறு குரோமோசோமில் உட்கார்ந்திருக்கலாம். லேன் வாரியாகக் குறித்துவிட்டுச் சேர்த்தால், லேன்களுக்கு இடையே உள்ள டூப்ளிகேட்கள் அப்படியே தங்கிவிடும். எல்லா லேனும் சேர்ந்த பிறகே இந்தப் படி. எந்த ரீட் எந்த லைப்ரரி என்று கருவிக்குத் தெரிய வேண்டும். அட்டவணையில் அந்தப் பத்தி இதற்காகத்தான்.

வேரியண்ட் கண்டுபிடிப்பது: ஜிஏடிகேயின் ஹேப்ளோடைப்காலர் கருவியை ஜீனோமின் பகுதி வாரியாக வெட்டலாம். ஆனால் குரோமோசோம் வாரியாக வெட்டாதீர்கள். 1ஆம் குரோமோசோம் 24.9 கோடி எழுத்து, 21ஆம் குரோமோசோம் 4.67 கோடி. 24 ஜாப் போட்டால், 21 முடிந்து வெகு நேரம் கழித்தும் 1 ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள். ஏறக்குறைய சம நீளத்தில் 30 அல்லது 50 பகுதிகளாகப் பிரியுங்கள்.

வெட்டும் கோடு எங்கே விழ வேண்டும்? ரெஃபரன்ஸில் எழுத்து தெரியாமல் தொடர்ந்து N என்று நிரப்பியிருக்கும் நீண்ட இடங்களில். ஹேப்ளோடைப்காலர் ஒவ்வொரு இடத்தையும் சுற்றியுள்ள ரீட்களைச் சேர்த்துக் கட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. நெருக்கமாக ரீட்கள் இருக்கும் இடத்தில் கோடு விழுந்தால், ஓரத்தில் உள்ள வேரியண்ட் மாறிப்போகலாம், இரண்டு துண்டிலும் வந்துவிடலாம். இந்த N இடங்களைப் பார்த்துப் பட்டியல் தயாரிக்கும் கருவி ஜிஏடிகே தொகுப்பிலேயே இருக்கிறது. பட்டியலை ஒரு முறை தயாரித்து, 200 சாம்பிளுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு சாம்பிள் 10 மணி நேரம் எடுக்கிறது, அதில் 2 மணி நேரம் வெட்ட முடியாத படி என்றால், ஆயிரம் நோடு கொடுத்தாலும் 2 மணி நேரத்துக்குக் கீழே போகாது. வேகம் ஐந்து மடங்கோடு நின்றுவிடும். நீங்கள் 3ஆம் படியில் எழுதிய அட்டவணையை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எத்தனை துண்டு என்று முடிவு செய்யுங்கள்.

5. மென்பொருள் பதிப்புகளைப் பூட்டுங்கள்

200 சாம்பிள் ஓடி முடிய வாரங்கள் ஆகலாம். நடுவில் நிர்வாகி சாம்டூல்ஸைப் புதுப்பித்தால் பாதி சாம்பிள் ஒரு பதிப்பிலும் மீதி இன்னொரு பதிப்பிலும் நிற்கும். ஒவ்வொரு கருவியையும் கன்டெய்னரில் (தேவையான எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிய மூடிய பொதியில்) வைத்து, பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே கூப்பிடுங்கள். 'கடைசிப் பதிப்பு' என்ற பொதுப் பெயரைப் போடாதீர்கள். பகிர்ந்த கிளஸ்டர்களில் டாக்கருக்கு அனுமதி கிடைப்பது அரிது. அதற்கு மாற்றான அப்டெய்னர் பெரும்பாலும் இருக்கும்.

6. எவ்வளவு கேட்பது: கோர், மெமரி, நேரம்

முதல் முறை வருபவர்கள் பயத்தில் எல்லாவற்றையும் அதிகமாகக் கேட்பார்கள். பெரிய ஜாப்புக்கு முழு நோடு காலியாகும் வரை வரிசையில் நிற்க வேண்டும். சிறிய, குறுகிய ஜாப்பை ஷெட்யூலர் இடைவெளிகளில் நுழைத்துவிடும். அளந்த நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு கேளுங்கள், அது போதும்.

கோர்: பிடபிள்யூஏ-மெம் 16 கோரை நன்றாகப் பயன்படுத்தும். ஹேப்ளோடைப்காலர் அப்படியில்லை, அதன் கனமான கணக்கு இயல்பாக 4 த்ரெடில் ஓடும், அதற்கு மேல் கொடுத்தாலும் பெரிதாக வேகம் கூடாது. அதற்கு 16 கோர் கேட்டால் 12 கோர் சும்மா நிற்கும். 4 கோர் கொண்ட நான்கு ஜாப்களாக, நான்கு பகுதிகளுக்கு ஓட்டுங்கள்.

மெமரி: சாம்டூல்ஸ் அடுக்கும் கட்டளையில் கொடுக்கும் மெமரி அளவு ஒரு த்ரெடுக்கானது. 4 ஜிபி, 16 த்ரெட் என்று எழுதினால் 64 ஜிபி ஆகும். ஜாப்புக்கு 32 ஜிபி கேட்டுவிட்டு, ஏன் சாகிறது என்று விழிப்பவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதோடு பைப்பில் இணைந்து ஓடும் பிடபிள்யூஏ-மெம்முக்கும் மனித இண்டெக்ஸுக்காக 5 ஜிபிக்கு மேல் தனியாக வேண்டும்.

ஜாவா கருவிகளில் இன்னொரு வகைத் தவறு. ஜாப்புக்கு 16 ஜிபி கேட்டு, ஜாவா ஹீப்புக்கும் (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) 16 ஜிபி கொடுப்பது. ஹீப்புக்கு வெளியேயும் ஜாவா மெமரி எடுக்கும். ஜிஏடிகேயில் சில பாகங்கள் சி++ மொழியில் எழுதப்பட்டவை, அவை ஹீப்பைத் தொடுவதே இல்லை. ஹீப் 12 ஜிபி என்று வைத்து மீதியை விட்டுவிடுங்கள்.

முடிவுக் குறியீடு 137 என்று வந்தால் யாரோ அந்த ஜாப்பைக் கொன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம், பெரும்பாலும் மெமரி மீறியதால். 128ஓடு சிக்னல் எண் 9 சேர்ந்ததுதான் 137.

7. டிஸ்க்கும் நெட்வொர்க்கும் மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

ஜீனோமிக்ஸ் வேலைகளில் கோர் தீரும் முன் டிஸ்க் தீர்ந்துவிடும். பகிர்ந்த டிஸ்க்குக்கு 10 கிகாபிட் இணைப்பு என்றால், நொடிக்கு அதிகபட்சம் 1.25 ஜிபி. 50 ஜாப்கள் ஒன்றாகப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் 25 எம்பி. 70 ஜிபி ஃபாஸ்ட்கியூவைப் படிக்கவே 47 நிமிடம். இதில் இன்னொரு 50 ஜாப் சேர்த்தால் எல்லாம் மெதுவாகுமே தவிர எதுவும் சீக்கிரம் முடியாது. 200 ஜாப் கொண்ட வரிசையை ஒரே நேரத்தில் 20 மட்டும் ஓடும்படி ஸ்லர்மில் கட்டுப்படுத்தலாம். அந்த 20 என்பதை 15ஆகவும் 30ஆகவும் மாற்றி அளந்து பாருங்கள்.

தற்காலிக ஃபைல்களை நோடின் சொந்த டிஸ்க்கில் எழுதுங்கள். அடுக்கும் படி நூற்றுக்கணக்கான துண்டுகளை எழுதி மறுபடி படிக்கும். அது நெட்வொர்க் வழியாகப் போகத் தேவையில்லை. ஆனால் அந்த டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று முன்பே பாருங்கள். ஜாவா கருவிகளுக்குத் தற்காலிக ஃபோல்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிறிய பொது ஃபோல்டரை நிரப்பிவிடும்.

பொருத்துவதையும் அடுக்குவதையும் பைப்பால் இணைத்துவிடுங்கள். நடுவில் சுருக்காத சாம் ஃபைலை (பேமின் எழுத்து வடிவம்) எழுதினால் அது ஃபாஸ்ட்கியூவைப் போலப் பல மடங்கு இருக்கும், ஒரு முறை மட்டும் படிக்கப்பட்டு அழியும். அதேபோல் ஒரே ஃபோல்டரில் பல்லாயிரம் சிறு ஃபைல்கள் வேண்டாம். லஸ்டர் போன்ற டிஸ்க் அமைப்புகளில் ஃபைல் பெயர்களைக் கவனிக்கும் சர்வர் தனி. அது திணறினால் கிளஸ்டர் முழுக்கத் திணறும். சாம்பிளுக்கு ஒரு ஃபோல்டர் போதும்.

8. பைப்பில் நடக்கும் மௌனமான இழப்பு

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. பைப்பின் இடது பக்கம் பிடபிள்யூஏ-மெம், வலது பக்கம் சாம்டூல்ஸ். மெமரி போதாமல் இடது பக்கம் நடுவழியில் செத்துவிட்டது என்று வையுங்கள். துண்டிப்பு ஒரு வரியின் முடிவில் விழுந்தால், சாம்டூல்ஸ் கண்ணுக்கு உள்ளீடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். வந்தவரை ஒழுங்காக அடுக்கி, முடிவுக் குறியோடு பேமை மூடி, வெற்றி என்று 0 திருப்பும். ஷெல்லும் பைப்பின் கடைசிக் கட்டளையை மட்டும் பார்த்துவிட்டு வெற்றி என்று சொல்லும்.

நான் உதவிய ஒரு திட்டத்தில் இப்படி ஒரு பேம் பாதி ரீட்களோடு கூட்டுப் பட்டியல் வரை போய்விட்டது. சாம்டூல்ஸின் விரைவுச் சோதனையும் அதைப் பிடிக்கவில்லை. ஃபைல் முறைப்படி மூடப்பட்டிருந்ததால் பிடிக்கவும் முடியாது. அந்த ஒருவருக்கு மட்டும் ஏன் இத்தனை வேரியண்ட் விடுபட்டிருக்கிறது என்று தேடிப் போன பிறகுதான் தெரிந்தது. கூட்டுப் படி முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று.

செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் பைப்ஃபெயில் விருப்பத்தைப் போடுங்கள். பைப்பில் எது தோற்றாலும் பைப் முழுவதும் தோற்றதாகக் கணக்காகும்; பிழை வந்ததும் ஸ்கிரிப்டை நிறுத்தும் விருப்பத்தையும் சேர்த்தால் ஜாப் தோற்கும். இரண்டு, வெளியீட்டைத் தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் சரி என்ற பிறகு இறுதிப் பெயருக்கு மாற்றுங்கள். இறுதிப் பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அது முழுமையானது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

மூன்று, எண்ணுங்கள். துணைப் பொருத்தங்களைக் குறிக்கும் 256, 2048 என்ற இரண்டு கொடிகளையும் சேர்த்த 2304ஐ விலக்கி பேமில் உள்ள ரீட்களை எண்ணினால், இரண்டு ஃபாஸ்ட்கியூ ஃபைல்களின் மொத்த ரீட் எண்ணிக்கை அப்படியே வர வேண்டும். 62 கோடி போனால் 62 கோடி திரும்ப வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த சாம்பிளை நிறுத்துங்கள்.

9. வேலைகளைக் கோர்க்கும் கருவி

ஸ்லர்ம் ஸ்கிரிப்ட்களை மட்டும் வைத்து 200 சாம்பிளை ஓட்ட முடியும். ஆனால் 37ஆவது சாம்பிளின் 12ஆவது பகுதி தோற்றால் எதை மறுபடி ஓட்டுவது என்று கையால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நெக்ஸ்ட்ஃப்ளோ, ஸ்நேக்மேக், குரோம்வெல் மூன்றில் உங்கள் குழுவில் யாருக்காவது தெரிந்த ஒன்றை எடுங்கள். எது சிறந்தது என்ற விவாதத்தில் ஒரு மாதம் போக்க வேண்டாம்.

மறுமுயற்சி விதியைக் கவனமாக எழுதுங்கள். 137 வந்தால் மெமரியை முயற்சி எண்ணால் பெருக்கி மறுபடி ஓட்டலாம், மூன்று முறை வரை. வேறு குறியீடு வந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளீடு கெட்டிருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே பிழைதான். கிளஸ்டர் நேரம்தான் வீணாகும்.

நெக்ஸ்ட்ஃப்ளோவில் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னாலும் எல்லாம் முதலிலிருந்து ஓடுகிறதா? அது உள்ளீட்டு ஃபைலின் பாதை, அளவு, கடைசியாக மாற்றிய நேரம் மூன்றையும் பார்த்து அடையாளம் காண்கிறது. பகிர்ந்த டிஸ்க்கில் அந்த நேரம் சில சமயம் நோடுக்கு நோடு மாறித் தெரியும். நேரத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் பார்க்கும் தளர்வான முறை இருக்கிறது, அதைப் போடுங்கள். வேலை ஃபோல்டரை அழித்தாலும் தொடர முடியாது.

10. 1, 5, 20, அப்புறம் 200

ஒரு சாம்பிள் ஓடியதும் 200ஐயும் தட்டிவிடத் தோன்றும். ஐந்தில் சாம்பிள் பெயர் குழப்பம், லேன் குழப்பம் எல்லாம் வெளிவரும். இருபதில் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் தங்கள் எல்லையைக் காட்டும். இரண்டும் தாண்டிய பிறகு 200.

ஐந்து சாம்பிள் ஓட்டத்தில், 3ஆம் படியில் கையால் ஓட்டிய அதே சாம்பிளையும் சேருங்கள். துண்டு போட்டு வந்த விசிஎஃப்பையும் போடாமல் வந்ததையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வெட்டும் கோடுகளின் அருகில் குவிந்திருந்தால் கோடு தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

11. துண்டுகளைச் சேர்ப்பது

50 பகுதிகளின் வெளியீட்டை நட்சத்திரக் குறி போட்டுச் சேர்ப்பதுதான் பலரும் செய்வது. ஷெல் பெயர்களை எழுத்து வரிசையில் கொடுக்கும்: 1, 10, 11, ... 19, 2, 20. ஜீனோம் வரிசை கலைந்துவிடும். சில கருவிகள் பிழை சொல்லி நிற்கும், சில அப்படியே ஒட்டிவிடும். துண்டுகளுக்கு 0001, 0002 என்று பெயர் வையுங்கள்.

இன்னும் பெரிய ஆபத்து, 50இல் 49 மட்டுமே இருந்தாலும் நட்சத்திரக் குறி குறை சொல்லாது. எந்தெந்தத் துண்டு வர வேண்டும் என்ற பட்டியலை வெட்டிய நாளிலேயே எழுதி வைத்து, அந்தப் பட்டியலிலிருந்து சேருங்கள். ஒன்று இல்லையென்றால் கட்டளை தோற்கட்டும்.

சேர்த்த பின் குரோமோசோம் வாரியாக வேரியண்ட்களை எண்ணுங்கள். ஒரு மனிதரின் முழு ஜீனோமில் 40 முதல் 50 லட்சம் வேரியண்ட்கள் இருக்கும். ஒற்றை எழுத்து மாற்றங்களில் டிரான்சிஷனுக்கும் (ஏ-ஜி, சி-டி மாற்றம்) டிரான்ஸ்வெர்ஷனுக்கும் (மற்ற மாற்றங்கள்) உள்ள விகிதம் 2க்குச் சற்று மேலே, 2.1 வரை இருக்க வேண்டும். 1.7 என்று வந்தால் தவறான வேரியண்ட்கள் நிறையக் கலந்திருக்கின்றன.

12. வரிசையிலிருந்து பத்திக்குத் திரும்பும் இடம்

இதுவரை வேலை சாம்பிள் வாரியாகப் போயிற்று. கூட்டு ஜீனோடைப்பிங்கில், அதாவது எல்லோருடைய வேரியண்ட்களையும் ஒன்றாகப் பார்த்து முடிவெடுக்கும் படியில், திசை மாறுகிறது. பெரிய அட்டவணை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வரிசையும் ஒரு சாம்பிள், ஒவ்வொரு பத்தியும் ஜீனோமின் ஒரு பகுதி. முன்பாதியில் வரிசை வரிசையாக வெட்டினோம். இப்போது ஒரு பகுதிக்கு 200 பேரின் டேட்டாவும் ஒன்றாக வேண்டும். பத்தி பத்தியாக வெட்ட வேண்டும்.

இந்தத் திருப்பத்தில் எல்லோரும் காத்திருந்தே ஆக வேண்டும். ஒரு சாம்பிள் பாக்கி இருந்தாலும் எந்தப் பத்தியும் தொடங்காது. எந்த நிலையில் ஒரு சாம்பிளை விட்டுவிட்டுப் போவது என்று குழுவோடு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் அவசரமாக எடுக்கும் முடிவு ஆய்வையே சாய்த்துவிடலாம்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் வந்த ஜிவிசிஎஃப்களை (வேரியண்ட் இல்லாத இடங்களின் விவரமும் சேர்ந்த விசிஎஃப்கள்) ஜீனோமிக்ஸ்டிபிஇம்போர்ட் கருவி பகுதி வாரியாக ஏற்றும். 200 ஃபைல்களையும் ஒரே நேரத்தில் திறக்காமல் 50, 50ஆக எடுக்கச் சொல்லுங்கள், மெமரி அடங்கும். 6ஆம் படியில் சொன்ன ஹீப் எச்சரிக்கை இங்கேதான் மிகவும் கடிக்கும், இதன் பெரும்பகுதி வேலை ஹீப்புக்கு வெளியே நடக்கிறது. பின்னால் புதிய சாம்பிள்கள் வந்தால் அதே சேமிப்பில் சேர்க்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு நகல் எடுங்கள். நடுவில் தோற்றால் பழையதும் கெட்டுவிடும்.

பகுதிகள் முடிந்ததும் சேர்த்து, தர வடிகட்டலை முழு ஜீனோமுக்கும் ஒன்றாகச் செய்யுங்கள். ஜிஏடிகேயின் தர வடிகட்டியான விக்யூஎஸ்ஆர் வேரியண்ட்களைப் பார்த்துப் பார்த்து ஒரு மாதிரியைக் கற்றுக்கொள்கிறது. பகுதி வாரியாக ஓட்டினால் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு அளவுகோல் வந்துவிடும்.

பெரிய டேட்டாவைப் பல கணினிகளில் பிரித்துக் கணக்கிடும் ஸ்பார்க் எங்கே வரும் என்று கேட்பீர்கள். இதுவரை சொன்ன எதற்கும் அது கட்டாயமில்லை. ஃபைல் உள்ளே, ஃபைல் வெளியே என்ற வேலைக்கு ஷெட்யூலரே போதும். விசிஎஃப் வந்த பிறகு, ஆயிரக்கணக்கான பேரின் ஜீனோடைப்புகளைக் குணங்களோடு இணைத்துத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும் கட்டத்தில்தான் ஹெய்ல் போன்ற ஸ்பார்க் அடிப்படையிலான கருவிகள் உண்மையாகவே கைகொடுக்கும்.

13. அழிப்பது, வைத்திருப்பது

ரீட் எண்ணிக்கை சரிபார்த்த பிறகு லேன் பேம்களை அழியுங்கள். இறுதி பேமைக் கிராம் என்ற இன்னும் சுருக்கமான வடிவத்துக்கு மாற்றினால் இடம் வெகுவாகக் குறையும். ஆனால் கிராமை விரிக்க அதே ரெஃபரன்ஸ் வேண்டும், ஆகவே ரெஃபரன்ஸ் ஃபைலையும் அதன் செக்சமையும் கிராமோடு சேர்த்தே காப்பகத்தில் வையுங்கள். மாற்றிய கிராமில் ரீட்களை மறுபடி எண்ணிய பிறகுதான் பேமை அழிக்க வேண்டும்.

ஜிவிசிஎஃப்களை அழிக்காதீர்கள். 201ஆவது சாம்பிள் வரும் நாளில் அவை இருந்தால் பழைய 200க்கும் 12ஆம் படியிலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் 200 பேருக்கும் வேரியண்ட் கண்டுபிடிப்பை மறுபடி ஓட்ட வேண்டும். சாம்பிள் அட்டவணை, இடைவெளிப் பட்டியல், கன்டெய்னர் பதிப்புகள், எண்ணிக்கை அட்டவணைகள் எல்லாம் சில எம்பிதான். அவற்றை விசிஎஃப் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். தற்காலிக டிஸ்க்கில் உள்ளவை பல கிளஸ்டர்களில் சில வாரங்களில் தானாக அழிக்கப்படும். முடிவுகளை அங்கேயே விட்டுவிட்டு விடுமுறைக்குப் போகாதீர்கள்.